கரைக்காரர்களுக்கு உப்பு

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. ஆதனேரியின் தென்கரையில் கசிவு கண்டிருப்பதாக மதகுக் காவலர் சோணைமுத்து ஓடிவந்து சொன்னபோது, மடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் குரு. நாற்பது வயதுத் துறவி. ஊர் அவரை அம்மை என்று அழைத்தது. மற்றவர் சீடர் மருதவாணர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

"தண்ணி தெளிவா வருதா, கலங்கலா வருதா?" என்று கேட்டார் அம்மை.

"கலங்கல்தான். கரை உள்ளுக்குள்ள அரிக்குது."

"எத்தனை பேர் வேணும்?"

"அறுபது பேர் மண் சுமந்தா பொழுது சாயறதுக்குள்ள அடைச்சிரலாம். பத்துப் பேர் போனா, கரை போகும்போது அந்தப் பத்துப் பேரும் அதோட போயிருவாங்க."

ஏரிக்குக் கீழே எழுபது வீடுகள். மேட்டுக்கு ஏறிவிட்டால் உயிர் தப்பும். வீடும் நெல்லும் மிஞ்சாது.

"நான் போய்ச் சொல்றேன்" என்று மருதவாணர் கிளம்பினார்.

கீழத்தெருவில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "கரை கசியுது. யாரும் ஊரைவிட்டுப் போயிராதீங்க. வீட்டுக்கு ஒருத்தர் கண்டிப்பா வரணும். வராம ஏமாத்தாதீங்க."

காளத்தி என்பவன் வாசலுக்கு வந்தான். "யாரு போறாங்க?"

"யாரும் போகல. போகக்கூடாதுன்னு சொல்றேன்."

"யாருமே போகலன்னா, போகாதீங்கன்னு ஏன் சொல்றீங்க?"

காளத்தி உள்ளே திரும்பி மனைவியிடம் டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னான். பெட்டி வெளியே வந்ததை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அங்கே மாட்டை அவிழ்த்தார்கள். மருதவாணர் மேலத்தெருவுக்கும் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் மூன்று வண்டிகள் பூட்டி நின்றன.

கரையில் சோணைமுத்துவோடு நான்கு பேர் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வெட்டுக்கு ஒருமுறை தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

மருதவாணர் மடத்துக்கு ஓடினார். "அம்மா, என் வாயாலதான் கெட்டுப்போச்சு. எதைத் தப்பாச் சொன்னேன்னு தெரியல."

அம்மை அதற்குள் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றி, மடத்திலிருந்த அரிசி முழுவதையும் போட்டிருந்தார். ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். மருதவாணர் பின்னாலேயே போனார்.

காளத்தி வண்டியில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அம்மை அவன் மனைவி பூமயிலைக் கூப்பிட்டார்.

"கரையில வேலை செய்யறவங்களுக்குக் கஞ்சி வைக்கிறேன். உப்பு பத்தல. ஒரு கை போடும்மா."

பூமயில் உப்பை அள்ளி வந்தாள். "எத்தனை பேருக்கும்மா?"

"அண்டா நிறைய வச்சிருக்கேன்."

"மேலத்தெருக்காரங்களும் வர்றாங்களா?"

"அவங்ககிட்டயும் உப்புக் கேட்கத்தான் போறேன்."

காளத்தியின் கை கயிற்றிலேயே நின்றது. அம்மை அவனைப் பார்க்கவில்லை. அடுத்த வாசலுக்கு நகர்ந்தார்.

அங்கேயும் அதையேதான் சொன்னார். யாரையும் கரைக்கு வரச் சொல்லவில்லை. வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராவது வீட்டில் மருதவாணர் பொறுக்க முடியாமல், "நேரமாகுதும்மா. நேராவே கூப்பிடுங்க" என்றார்.

அம்மை பன்னிரண்டாவது வீட்டுக்குப் போனார்.

தெரு முனையில் திரும்பும்போது மருதவாணர் பார்த்தார். காளத்தி மண்வெட்டியோடு நடந்துகொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர், "நீயுமா போற?" என்று கேட்டார். "எல்லாரும் போறாங்கல்ல" என்றான் காளத்தி. அவர் உள்ளே போய்க் கூடையை எடுத்துவந்தார்.

உச்சிவேளையில் கரையில் முப்பது பேர்கூடத் தேறவில்லை. அப்போது ஒரு பாகம் சரிந்தது. காளத்தி இடுப்பளவு சேற்றுக்குள் போனான். இழுத்து வெளியே போட்டார்கள். எல்லாரும் ஒரு கணம் மேட்டைப் பார்த்தார்கள். அதே நேரத்தில் மேலத்தெருவிலிருந்து கூடைகளோடு ஒரு கூட்டம் கரையேறி வந்தது. யாரும் ஓடவில்லை.

பொழுது சாய்வதற்குச் சற்று முன்னால் சோணைமுத்து குனிந்து கசிவைக் கையில் ஏந்தினார். தண்ணீர் தெளிவாக இருந்தது.

எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். மருதவாணர் மட்டும் குடிக்கவில்லை.

"அம்மா, நீங்க உப்புக் கேட்டப்ப இங்க சோணைமுத்துவைச் சேர்த்தே அஞ்சு பேர்தான்."

"ஆமா."

"எல்லாரும் வர்றாங்கன்னு நினைச்சுத்தான் காளத்தி வந்தான்."

"ஆமா."

"மத்தவங்க வராமப் போயிருந்தா? அந்தச் சேத்துல அவனை இழுக்க ஆள் இல்லாமப் போயிருந்தா?"

அம்மை அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு வாசல்லயும் எனக்கு அந்தப் பயம்தான், மருதவாணரே. அதை வெளியில விடாம, வாய் திறந்து கேட்டது உப்பு மட்டும்தான்."