மலை உச்சியில் ஆறு மணிப் புகை

காற்றில் மிதக்கும் தூசியையும் புகையையும் ஆராய்கிறவர்கள் நடுவில் தில்லைநாயகிக்குப் பெரிய பெயர். அவருடைய ஆய்வகத்தில் டாக்டர் பட்டம் முடித்தவர்களுக்கான ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளர் இடம் காலியானது. அதைக் கேட்டு வந்தான் சகாயராஜ். டாக்டர் பட்டம் வாங்கியும் வேலை இல்லை. மாமனார் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் ட்யூஷன் சென்டர்தான் கதி.

நேர்முகத்துக்கு லேப்டாப் வேண்டாம், ஆய்வுக்காக மலைக்குக் கொண்டுபோன பையோடு வாருங்கள் என்று எழுதியிருந்தார் தில்லைநாயகி. இது என்ன கிறுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வந்திருந்தான்.

"உங்க கண்டுபிடிப்பு என்ன?"

"மலை உச்சியில தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் புகை கூடுது மேடம். அடிவாரத்துல சருகு எரிக்கிறாங்க. அதுதான் மேல வருது."

"நிச்சயமா?"

"என் கட்டுரையைப் பார்த்துத்தான் கலெக்டர் சருகு எரிக்கத் தடையே போட்டார்." சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது.

"தடைக்கு அப்புறம் குறைஞ்சுதா?"

"இல்ல மேடம். திருட்டுத்தனமா எரிக்கிறாங்க. அதையும் எழுதினேன். ஒருத்தரைப் பிடிச்சு ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க."

தில்லைநாயகி மேசைமேல் இருந்த துகள் எண்ணும் கருவியை ஓடவிட்டார். திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது.

"இதுதான் மலை உச்சி. மணி ஆறு. அங்க என்ன செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. எதையும் விட்டுடாதீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வேலை வேண்டுமே, நல்ல பிள்ளையாகப் பையைத் திறந்தான். டார்ச்சை எடுத்து வைத்தான். கையுறை மாட்டினான். பிறகு தயங்கினான்.

"அந்நேரம் கொசு பிடுங்கி எடுத்துடும் மேடம். கருவியில ஃபில்ட்டர் மாத்தப் போனா, முதல்ல ஒரு கொசுவத்தி கொளுத்தி வெச்சுக்குவேன். அது இங்க வேணாமே?"

"கொளுத்துங்க."

ஒன்றைக் கொளுத்தி, கருவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

கோடு எழும்பியது. ஏறிக்கொண்டே போனது. அவன் ஆய்வேட்டின் அட்டையில் அச்சடித்திருந்த அதே மேடு, அச்சு அசலாக.

சகாயராஜ் கொசுவத்தியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான். கட்டுரையில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்றுதான் தில்லைநாயகி நினைத்திருந்தார், இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை.

"தினமுமா?" என்றார் மெல்ல.

"தினமும்."

அவன் கையுறையைக் கழற்றினான்.

"ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்களே, அந்த ஆளுக்கு என்னைவிட வயசு ஜாஸ்தி மேடம். நான் எரிக்கலைன்னு கத்தினாராம். நான் சிரிச்சேன்."

எழுந்து டார்ச்சைப் பைக்குள் போட்டான்.

"கட்டுரையை வாபஸ் வாங்கணும். கலெக்டருக்கு எழுதணும். அந்த ஊருக்குப் போய் அந்தப் பெரியவர் முகத்துல முழிக்கணும்."

"ஆமா."

"அப்புறம் என்னை எவன் மேடம் வேலைக்கு எடுப்பான்?"

தில்லைநாயகி கொசுவத்தியை எடுத்து, நுனியை டீ டம்ளரில் முக்கி அணைத்தார்.

"நீங்க பக்கத்துல இல்லாதப்போ அந்த மலைக்காத்து எப்படி இருக்கும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான் ஆள் தேடறேன். நீங்க எப்ப வர்றீங்க?"