பின்சீட்டில் ஒரு சுற்று

“முதுகு வலிக்குதுன்னா, வண்டியைக் குறை சொல்றேன்னு அவருக்குக் கோபம் வருது. அதான் பஸ்ஸிலேயே போயிடறேன்.” பஸ் ஸ்டாப்பில் சகுந்தலா யாரிடமோ சொன்னது, பக்கத்துக் கடையில் மெக்கானிக்காக இருந்த ஜெபராணியின் காதில் விழுந்தது.

மறுநாள் அதே நேரத்துக்கு சகுந்தலாவின் கணவர், ஓய்வுபெற்ற தாசில்தார் அரங்கநாயகம், தன் பழைய குரூசர் பைக்கோடு கடைக்கு வந்தார்.

“இருபத்தெட்டு வருஷமா ராஜா மாதிரி ஓடுது. என் சம்சாரம் மட்டும் ஏற மாட்டேங்கறா. என்ன குறைன்னு கண்டுபிடி பார்ப்போம். ஆனா ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது, தெரியுதா?”

“தொடவே மாட்டேன் சார். நான் ஓட்டறேன், நீங்க பின்னாடி உட்காருங்க. குறையை நீங்களே சொல்வீங்க.”

“நானா? பின்னாடியா?” இத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்ததே இல்லை.

முதல் வேகத்தடையில் “ஐயோ!” என்றார். இரண்டாவதில் “நிறுத்தும்மா!” என்றார். மூன்றாவது வருவதற்குள் சீட்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் ஜெபராணி குனிந்து பின்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினாள். ஸ்பிரிங் உடைந்து துருவேறிக் கிடந்தது.

“எத்தனை நாளா இப்படி?”

“துருவைப் பார்த்தா நாலஞ்சு வருஷம் இருக்கும் சார்.”

அரங்கநாயகம் சாவியை அவளிடம் கொடுத்தார். பக்கத்து ஸ்டாப்பில் பஸ்ஸுக்காக நின்றிருந்த சகுந்தலாவிடம் போய், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவளோடு பஸ் ஏறினார்.