அறுபதில் ஒரு மேடு

அறுபது வயதானவர்கள் இனித் தோணி ஓட்டக் கூடாது என்று ஊர்ச்சபை சொல்லிவிட்டது. காரணம் பூவராகன் எழுதிக் கொடுத்த தாள்.

வரும் வருஷம் எந்த வயதில் நூற்றுக்கு எத்தனை பேர் இறப்பார்கள் என்ற கணிப்பு அதில் இருந்தது. பத்து வருஷத்துச் சாவுப் பதிவேட்டைப் பார்த்துப் போட்டது. ஐம்பத்தொன்பதில் ஒருவர். அறுபத்தொன்றில் ஒருவர். நடுவில் அறுபதில் மட்டும் பதினெட்டுப் பேர். கோடு வரைந்தால் ஐம்பதிலும் எழுபதிலும் சின்ன மேடு, அறுபதில் பெரிய மேடு.

துடுப்புப் போடுகிற ஆள் நடு ஆற்றில் செத்துப்போனால் தோணியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று சபை பயந்தது. அவ்வளவுதான் விஷயம்.

துறையில் அறுபது வயதில் வீராயி மட்டும்தான் இருந்தாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் துடுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று சபை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் நேராக யசோதரையின் குடிலுக்கு வந்தாள்.

யசோதரை அங்கே கணிதம் சொல்லித் தருகிறவர். வயது நாற்பது. அவருடைய சீடர் பூவராகனுக்கு ஐம்பத்தாறு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு நாள் குறிச்சவரு யாரு?" என்று வீராயி கேட்டாள்.

பூவராகன் எழுந்து நின்று விளக்கினார். போன பத்து வருஷம் எப்படிப் போனதோ அதே போக்கில் கோட்டை நீட்டினால் அடுத்த வருஷம் தெரிந்துவிடும் என்றார். பதிவேட்டில் உள்ளதைத்தான் போட்டேன், சொந்தமாக எதுவும் சேர்க்கவில்லை என்றார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப அறுபத்தொண்ணு ஆயிட்டா எனக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆபத்து குறைவு."

"சரி, அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். துறை திரும்பக் கிடைக்குமா?"

கைமாறிய துறை திரும்பக் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு வேறு தொழிலும் தெரியாது.

யசோதரை அவளை உட்காரச் சொன்னார். வீட்டில் கடைசியாக இறந்தது யார் என்று கேட்டார். கொழுந்தன் என்றாள்.

"என்ன வயசு?"

"அறுபதுன்னு சொன்னேன்."

"அறுபதா இருந்துச்சா, அறுபதுன்னு சொன்னியா?"

"பதிவேடு எழுதறவரு வாசல்ல வந்து நின்னு கேட்டாரு. அம்பத்தெட்டோ, அறுபத்திமூணோ. பொணத்தைப் போட்டு வச்சிக்கிட்டு விரல் விட்டு எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

இது ஒருத்தி சொன்ன பேச்சு, இதற்காகப் பத்து வருஷக் கணக்கைத் தூக்கிப் போட முடியாது என்றார் பூவராகன். யசோதரை வாதம் செய்யவில்லை. பதிவேட்டை எடுத்து, போன ஐப்பசி மாதப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார். ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னார்.

"வேதநாராயணன். வயது எழுபது. சொன்னவர், தம்பி பூவராகன்."

"அண்ணனுக்கு என்ன வயசு?"

"அறுபத்தெட்டு."

"ஏன் எழுபது?"

பூவராகன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழுதுகிட்டிருந்தேன்," என்றார்.

உயிரோடு இருப்பவர்களின் வயதைப் பிறப்பு ஏட்டைப் பார்த்து எடுத்திருந்தார்கள். செத்தவர்களின் வயதை மட்டும் வாயால் கேட்டு எழுதியிருந்தார்கள். ஐம்பது, அறுபது, எழுபது என்று வாயில் சட்டென்று வருகிற எண்கள். அந்த எண்களில்தான் சாவும் குவிந்திருந்தது.

பூவராகன் மூன்று நாள் உட்கார்ந்து சாவுப் பதிவேட்டையும் பிறப்பு ஏட்டையும் பேர் பேராக ஒப்பிட்டு, செத்தவர்களின் சரியான வயதை எடுத்தார். புதிதாகக் கோடு வரைந்தார். மேட்டைக் காணோம். ஐம்பத்தொன்பதில் மூன்று, அறுபதில் மூன்று, அறுபத்தொன்றில் நான்கு. வயதோடு சேர்ந்து மெதுவாக ஏறியது.

"அம்மா, இப்ப இது நிஜமா?" என்று யசோதரையிடம் கேட்டார்.

"ஊருக்கு நிஜம். வீராயிக்குச் சாவு எப்போன்னு கேட்டா இதுவும் சொல்லாது."

பிறகு யசோதரை சொன்னார். "சபையில முதல்ல பழைய தாளைக் காட்டுங்க. தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. அப்புறம் புதுசைக் கொடுங்க."

"புதுசை மட்டும் கொடுத்தாப் போதாதா?"

"போதாது."

சபை அக்கரையில் கூடும். வெள்ளிக்கிழமை காலை வீராயியே பூவராகனைத் தோணியில் கூட்டிக்கொண்டு போனாள். பாதி ஆற்றில் துடுப்பை நிறுத்தினாள்.

"நான் இப்பவே போயிட்டா உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

தெரியாது என்றார். அவள் சிரித்துவிட்டுத் துடுப்பைப் போட்டாள்.

சபையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பழைய தாள் பைக்குள் இருந்தது. பூவராகன் புதியதைக் கொடுத்தார். தலைவர் அறுபது என்ற வரியில் விரலை வைத்தார்.

"பதினெட்டு எப்படி மூணாச்சு?"

பன்னிரண்டு பேரும் பூவராகனைப் பார்த்தார்கள்.

"குறையுது," என்றார் அவர். "புதுக் கணிப்பு."

தலைவருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா? அறுபதுக்காரங்களைத் தோணியை விட்டு இறங்கச் சொன்னோம், சாவு குறையுது. உத்தரவு அப்படியே இருக்கட்டும்." ஐம்பதுக்காரர்களையும் இறக்கினால் இன்னும் குறையுமே என்று ஒருவர் கேட்டார். அதை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடிவானது. பூவராகனுக்கு மோர் கொடுத்தார்கள். குடித்தார்.

திரும்பும்போது என்ன ஆச்சு என்று வீராயி கேட்டாள். பேசிக்கிட்டிருக்காங்க என்றார்.

யசோதரையிடம் மட்டும் எதையும் மறைக்கவில்லை. மோர் குடித்ததைக்கூடச் சொன்னார். அவர் திட்டவில்லை.

"சபை எப்ப கலையும்?"

"பொழுது சாய."

"அப்ப நேரம் இருக்கு. வீராயி துறையிலதான் இருக்கா. துடுப்பும் இன்னும் அவ கையிலதான் இருக்கு. போய் ஏறுங்க. சாவு குறையலை, நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லிட்டு வாங்க."

பூவராகன் துறைக்குப் போனார். வீராயி தோணியைக் கரையோடு அணைத்துப் பிடித்து, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள்.

பொழுது சாயும்வரை அவர் ஏறவில்லை.