கணப்புப் பலகையில் ஒரு கை

“அம்மணி, எரியாம நிக்கற மாதிரி என்ற கையால ஒண்ணு செய்யோணும். அதுக்கு வழி சொல்லுங்க.”

நாச்சிமுத்தண்ணன் இப்படிக் கேட்டுக்கொண்டு எங்கள் இரும்பு வார்க்கும் பவுண்டரிக்குள் வந்து நின்றபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கேள்வி போனது பூவாத்தாக்காவுக்கு. அக்காவுக்கு முப்பத்தொன்பது.

கோயமுத்தூரில் பம்பு வார்க்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. அக்காதான் தலைமை மோல்டர். மணலில் அச்சு எடுத்தால் அவர்தான் எடுக்க வேண்டும் என்று ஊரில் பேர். நான் உலை பார்க்கிறவன். எதையும் சட்டென்று நம்பாத ஆள்.

“எது எரிஞ்சுதுங்ணா?” என்றார் அக்கா.

“தேருங்க.”

சொல்லிவிட்டு மனுஷன் அழுதேவிட்டார்.

பதினோரு வருஷம் செதுக்கிய தேராம். யாளி, குதிரை, கொடி, கொடியில் கிளி, கிளி மூக்கில் பழம். திருவிழா வெடியில் ஒரு பொறி தெறித்து அரை மணி நேரத்தில் கரியாகிவிட்டது. இரும்புதான் எரியாது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

அக்கா ஒரு சல்லடையை எடுத்துக் கொடுத்தார்.

“மணலைச் சலிங்க.”

சலித்தார். ஒரு வருஷம் சலித்தார். அடுத்த வருஷம் மணலைக் கெட்டிக்கப் பழகினார். மூன்றாம் வருஷம்தான் அக்கா அவரை மரம் தொடவிட்டார். அதுவும் பம்பு பேட்டர்ன், அதாவது மணலில் அமுக்கி அச்சு எடுக்கிற மர மாதிரி.

“பம்புல என்னங்க இருக்குது அம்மணி? தண்ணி வந்தா ஊத்தும். என்ற பேரைச் சொல்லுமா?”

“சித்திர வேலை வெச்ச பேட்டர்ன் ஒண்ணு செய்யுங்க. மணலைக் கிழிக்காம வெளிய எடுத்துக் காட்டுங்க. அன்னைக்கு உங்க பேரு வெச்சுக்கலாம்.”

அன்று சாயங்காலமே ஒரு சின்னக் கட்டையில் தன் பெயரைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் அண்ணன். பார்த்துச் சிரித்தவன் நான்தான்.

அப்புறம் கோத்தகிரியிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது.

உள்ளே மூன்றாக உடைந்த இரும்புப் பலகை. வெள்ளைக்காரன் காலத்து வீடுகளில் சுவருக்குள் கணப்பு இருக்கும் இல்லையா? தீ நேராகச் செங்கல்லைத் தின்னாமலிருக்க அதன் முதுகில் இப்படி ஒரு பலகையை நிறுத்துவார்கள். சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, தீ அணைந்த பிறகும் மெல்ல மெல்ல அறைக்குள் விடும். இது சீமையில் வார்த்துக் கப்பலில் வந்தது. யாரோ சூட்டோடு தண்ணீரைக் கொட்ட, வெடித்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா ஸ்டெல்லா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: “அதே மாதிரி செஞ்சு குடுங்க.”

துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். சுற்றிலும் கயிறு மாதிரி ஒரு கரை. நடுவில் கிரீடம். இரண்டு பக்கமும் சிங்கம். கீழே, மூலையில், விரல் விரித்த ஒரு கை புடைத்துக்கொண்டு நின்றது. வெடிப்பு அந்தக் கை வழியாகத்தான் ஓடியிருந்தது. இரண்டு விரல் பொடியாகிப் போயிருந்தது.

அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏனுங் அம்மணி, இது சிங்கமா, தண்ணியில விழுந்த நாயா? ஒண்ணு கிரீடத்தைப் பாக்குது. இன்னொண்ணு கிரீடத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது!”

“ஒரே கட்டையை ரெண்டு தடவ அமுக்கியிருக்கறாங்ணா. அப்பறம் எப்படித் திரும்பும்? அந்தக் காலத்துல மணலைப் பரப்பிக் கைக்குக் கெடைச்சதை அமுக்குவாங்களாம். கரையில பாருங்க, நெசக் கயிறு.”

“அப்ப இந்தக் கை?”

“கையுந்தான் கைக்குக் கெடைக்குமே.”

“வேலை தெரியாத பய,” என்றார் அண்ணன். “நான் செய்யறேன் பாருங்க.”

நாற்பது நாள் செய்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மரப் பலகையைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். இரண்டு சிங்கமும் கிரீடத்தைப் பார்த்து நின்றன. பிடரியில் சுருள் சுருளாக மயிர். வாய்க்குள் பல், பல்லுக்குப் பின்னால் நாக்கு. கயிற்றைக்கூடப் புரி புரியாக மரத்தில் முறுக்கியிருந்தார். கீழ் மூலையில் பெயர்க் கட்டையை ஆணி வைத்து அடித்திருந்தார்.

அக்கா சுற்றி வந்து பார்த்தார்.

“கை எங்கீங்ணா?”

“அது பிழைங்க அம்மணி. திருத்திப்போட்டேன்.”

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“செரி,” என்றார்.

பலகையைக் குப்புற மணலில் அமுக்கி, கெட்டித்து, தூக்கினோம். மணல் கட்டி கட்டியாகப் பலகையோடு பெயர்ந்து வந்தது.

“சிங்கம் மணலைக் கடிக்குதுங்ணா,” என்றார் அக்கா.

அண்ணன் பல்லை மட்டும் அராவினார். மறுபடி அமுக்கினோம். இந்தத் தடவை பிடரி மயிர் மணலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை நகம்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்.

“மணல் செரியில்லீங்க!”

“சலிச்சது நீங்கதானுங்களே.”

நான் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் அண்ணன் அடித்திருப்பார்.

அக்கா மணலை வழித்துச் சமன் செய்தார். வளையலை மேலே தள்ளிவிட்டு, வலது கையை விரித்து மணலில் வைத்து அமுக்கினார். எடுத்தார். ரேகைகூடத் தெரிந்தது. ஒரு பொட்டு மணல் உதிரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் அரத்தை எடுத்தார். பல்லைக் குறைத்தார், சுருளைக் குறைத்தார், நிமிர்ந்து நின்ற விளிம்பையெல்லாம் சரிவாக்கினார். ஒவ்வொன்றையும் அராவும்போது அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான்காவது தடவை பலகை சுத்தமாக வந்தது. இரும்பை ஊற்றினோம். ஆறவைத்து, மணலைத் தட்டினோம். சிங்கம் இரண்டும் ஜம்மென்று எழுந்து நின்றன. மூலையில் அவர் பெயர். எல்லோரும் கை தட்டினோம். பட்டறை முதலாளி போனில் படம் எடுத்தார்.

“இனி நெருப்பே வந்தாலும் என்ன பண்ணும்?” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது.

“நீங்களே கொண்டுபோய் மாட்டிப்போட்டு வாங்க,” என்றார் அக்கா.

பலகையை டெம்போவில் கயிறு போட்டுக் கட்டி, மலை ஏறினோம். தூக்கிவிட நானும் போனேன்.

ஸ்டெல்லாம்மா வாசலிலேயே காத்திருந்தார். பலகையைக் கணப்பின் பின்சுவரில் சாய்த்து நிறுத்தியதும், “ஐயோ, எவ்வளவு அழகு!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அண்ணனுக்குத் தலை கால் புரியவில்லை. விறகை அடுக்கித் தீ மூட்டினார்கள். மூட்டிய பத்தாவது நிமிஷம் சிங்கங்கள் புகைக்கும் விறகுக்கும் பின்னால் போய்விட்டன. அண்ணன் குனிந்து குனிந்து பார்த்தார்.

வெளியே மூடுபனி. டெம்போக்காரர் இப்போது மலை இறங்க மாட்டேன் என்றுவிட்டார். அங்கேயே தங்கினோம்.

காலையில் நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லாம்மாவின் வீட்டுக்காரர் பெனடிக்ட் சார் ஒரு காலை இழுத்து இழுத்து வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டதாம். கணப்புக்கு எதிரே ஒரு முக்காலி. அதில் உட்கார்ந்தார். சாம்பலை ஓரமாகத் தள்ளினார். தீ அணைந்து நேரமாகியும் பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

வலது கையால் தன் இடது கையைத் தூக்கிப் பலகையின் கீழ் மூலையில் வைத்தார்.

அங்கே பெயர் இருந்தது.

கையைக் கொஞ்சம் நகர்த்தினார். சிங்கத்தின் நகம். இன்னும் நகர்த்தினார். பிடரி. மறுபடி மூலைக்கே கொண்டுவந்தார்.

“ஸ்டெல்லா, கை எங்க?”

ஸ்டெல்லாம்மா எங்களைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

“புதுசுல இல்லைங்க,” என்றார் மெதுவாக.

சார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். “என்னங்மா அது?”

“அது ஒண்ணும் இல்லைங்க. தினமும் சூட்டுல வெச்சு விரலை விரிக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நான் பிடிச்சு விரிச்சா வலிக்குதுன்னு கத்துவாரு. அந்த இரும்புக் கை மேல வெச்சா மட்டும் சத்தமே வராது. இடது கையை அது மேல வெச்சா அஞ்சு விரலும் கும்பிடற மாதிரி சேரும். ஒவ்வொண்ணா விரிச்சுக்குவாரு. போன கிறிஸ்துமஸுக்கு அந்தக் கையால கேக் எடுத்துச் சாப்பிட்டாரு. இப்ப பலகை உடைஞ்சதுல இருந்து மறுபடி மடங்கிட்டே வருது.” அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “அதுக்கு நீங்க என்ன செய்வீங்க? ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க.”

திட்டியிருந்தால் தேவலை. எனக்கே அவமானமாக இருந்தது. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவர் எழுந்துபோய் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சார், அந்தக் கையைச் சித்த குடுங்க.”

பெனடிக்ட் சாரின் இடது கையை வாங்கித் தன் வலது உள்ளங்கை மேல் வைத்துக்கொண்டார். விரல்கள் மடங்கிக் கிடந்தன. அண்ணன் எதையும் இழுக்கவில்லை, நீவவில்லை. வெளியே டெம்போக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் கையை விட்டார்.

“பத்து நாள் பொறுத்துக்குங்க சார்,” என்றார்.

பலகையைக் கழற்றி மறுபடி டெம்போவில் ஏற்றினோம். மலை இறங்கி முடிக்கிறவரை அண்ணன் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறையில் பலகையை இறக்கினோம். அண்ணன் நேராகப் போய்ப் பெரிய சம்மட்டியை எடுத்து வந்தார்.

“அண்ணா, என்ன பண்றீங்க!” என்று கத்தினேன். “நாப்பது நாளு வேலைங்ணா!”

முதல் அடி இரண்டு சிங்கத்துக்கும் நடுவில் விழுந்தது. அடுத்தது பெயர் மேல்.

துண்டுகளை அவரே பொறுக்கி, அவரே என் உலைக்குள் போட்டார். தேர் எரிந்ததைச் சொல்லி அழுத மனுஷன் இல்லையா, அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. இரும்பு உருகுகிறவரை பக்கத்தில் நின்று, “இன்னும் எத்தன நேரம் ஆகும்?” என்று என்னை நச்சரித்தார்.

மணலை அவரே சலித்தார். அவரே பரப்பினார். டெம்போவில் பலகையைக் கட்டிவந்த கயிற்றை எடுத்து நான்கு பக்கமும் அமுக்கிக் கரை எடுத்தார். பழைய பலகையின் கிரீடத் துண்டை நடுவில் அமுக்கினார். பழைய சிங்கத் துண்டை ஒரு பக்கம் அமுக்கினார். அதே துண்டை மறுபக்கம் அமுக்கினார். ஒன்று கிரீடத்தைப் பார்த்தது, ஒன்று முதுகைக் காட்டியது.

பழைய கைதான் உடைந்து கிடந்ததே.

அண்ணன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். மணலில் முட்டி போட்டு, கீழ் மூலையில் தன் வலது கையை வைத்தார். ஒரு தடவை எடுத்துப் பார்த்து, மணலைச் சமன் செய்து, விரல்களை இன்னும் கொஞ்சம் அகட்டி மறுபடி வைத்தார். மெதுவாக அழுத்த ஆரம்பித்தார்.

கரண்டியில் இரும்பு தயார். நானும் மற்றவர்களும் சுற்றி நின்றோம்.

பூவாத்தாக்கா பழைய மரப் பலகையிலிருந்து பெயர்க் கட்டையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்தார். சொன்ன வாக்கை மறக்காத ஆள் அவர்.

“பேரை எந்தப் பக்கம் வெக்கட்டுங்ணா?”

அண்ணன் தலையைத் தூக்கவில்லை.

“பேசாம இருங்க அம்மணி. கை ஆடிரும்.”