நெட் இல்லாத இடம் தேடிய மூவர்

துறையூரில் டயர்க் கடைக்கு மேலே மாடியில் ஒரு கம்பெனி இருந்தது. மொத்தம் மூன்று பேர். மூன்று பேருமே யோசிக்கக்கூடியவர்கள் என்பதுதான் அந்தக் கம்பெனிக்கு இருந்த ஒரே கஷ்டம்.

தலைமை தணிகைவேல். அவருக்குக் கீழே மரியசூசையும் பூமாலையும். செல்போனிலேயே தண்ணீர் லாரியை வரவழைக்க ஓர் ஆப் செய்திருந்தார்கள். லாரிக்காரர்கள் சங்கம் அதை வாங்குவதாக இருந்தது. வாங்கும் முன்னால் சோதித்துச் சொல்லத் திருச்சியிலிருந்து சம்சாத் என்ற பெண்மணியை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவர் சரி என்றால் சரி. இல்லையென்றால் தணிகைவேல் பழையபடி மாமனாரின் சிமெண்டுக் கடைக்குப் போய் மூட்டைகளுக்குக் காவல் உட்கார வேண்டியதுதான். மாமனார் அதற்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்துத் தயாராகவே வைத்திருந்தார்.

சம்சாத் போனில் சொன்னார்: "சார், நெட் இல்லாத இடத்துல ஆப்பைத் திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. 'நெட்வொர்க் இல்லை'ன்னு செய்தி வரணும். சரி பண்ணிட்டு, நெட் இல்லாத இடமாப் பார்த்து நீங்களே ஒரு தடவை சோதிச்சிடுங்க. சாயங்காலம் நேர்ல வர்றேன்."

மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"சுத்துதுன்னா உழைக்குதுன்னுதானேண்ணே அர்த்தம்?" என்றான் பூமாலை. "சும்மா நின்னாத்தான் குத்தம் சொல்லணும்."

"அந்தம்மா செய்தி கேக்குறாங்க, குடுத்துருவோம்" என்றார் தணிகைவேல். "ஆனா முக்கியமான செய்திப்பா. கண்ட இடத்துல வைக்கக் கூடாது. நம்ம சர்வர்ல பத்திரமா வை. எப்போ நெட் போகுதோ, அப்போ ஆப்பு நெட்டுல போய் அதை எடுத்துட்டு வரட்டும்."

மற்ற இருவருக்கும் மெய்சிலிர்த்தது. மத்தியானத்துக்குள் அப்படியே செய்து முடித்தார்கள்.

இனி நெட் இல்லாத இடம் வேண்டும். ஒவ்வோர் இடமாக அலைவானேன் என்று பூமாலை தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸப்பில் கூப்பிட்டு, "உங்க பக்கம் நெட் இருக்கா?" என்று விசாரித்தான். எடுத்தவர்கள் எல்லோரும் இருக்கிறது என்றார்கள்.

"எடுக்காதவங்க?" என்று கேட்டார் தணிகைவேல்.

"அவங்க எல்லாம் வேலையா இருப்பாங்கண்ணே."

ஆக, ஊரில் நெட் இல்லாத இடமே இல்லை என்று முடிவானது. தணிகைவேலின் கண்முன் அந்த ஸ்டூல் வந்து போனது.

அப்போது மரியசூசை மூலையில் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினான். "அதுக்குள்ள போனை வச்சா ரிங்கே போக மாட்டேங்குதுண்ணே."

மேல்தட்டுகளை உருவிவிட்டு மரியசூசையைப் போனோடு உள்ளே உட்கார வைத்தார்கள். தணிகைவேல் கண்டிப்பாகச் சொன்னார்: "உள்ள நெட் இல்லைன்னு உறுதியானதும் எனக்கு ஒரு போன் போடு. போன் வந்ததும் திறக்கிறோம். அதுவரைக்கும் திறக்க மாட்டோம், நெட்டு உள்ள புகுந்துரும்."

"சரிண்ணே" என்று சொல்லி மரியசூசை கதவை இழுத்துக்கொண்டான். பூமாலை கைப்பிடியைத் திருகினான்.

போன் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் பீரோவுக்குள்ளிருந்து தட்டும் சத்தம்தான் வந்தது.

"தட்டுறாண்ணே."

"தட்டவா சொன்னோம்? போன்தானே போடச் சொன்னோம்? எப்பவும் சொன்னதைச் செய்ய மாட்டான்."

தட்டல் பலமானது. தணிகைவேல் பொறுமை இழந்து தானே மரியசூசைக்குப் போன் போட்டார். காதில் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"பூமாலை, அவன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கானாம்டா!"

"எப்பண்ணே வெளிய போனான்? நான் இங்கேயேதானே நிக்கிறேன்?"

"யாருக்குத் தெரியும்? போன் கம்பெனிக்காரன் பொய்யா சொல்வான்?"

இருவரும் மெதுவாகப் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே... அப்போ உள்ள தட்டுறது யாரு?"

மேசையை இழுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்தார்கள். அதன்மேல் இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். "ஐயோ, நான்தாண்ணே மரியசூசை!" என்று உள்ளே குரல் கதறியது.

"கேட்டியா? பேரு வரைக்கும் விசாரிச்சு வச்சுட்டுத்தான் வந்திருக்கான்" என்றார் தணிகைவேல்.

அந்த நேரத்தில்தான் சம்சாத் படியேறி வந்தார். விஷயத்தைக் கேட்டார். இருவரையும் மேசையிலிருந்து இறக்கி, மேசையைத் தள்ளி, கைப்பிடியைத் திருகினார். வியர்வையில் தொப்பலாக நனைந்த மரியசூசை வெளியே வந்து விழுந்தான். காற்றுப் பட்டதும் அவன் கையிலிருந்த போனில் 'நெட்வொர்க் இல்லை' என்று பளிச்சென்று செய்தி வந்தது.

"வந்துருச்சு!" என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"சார், இப்பத்தான் நெட் இருக்கே!" என்றார் சம்சாத்.

"உள்ள இல்லாததைத்தான் மேடம் சொல்லுது. வர வழியில கொஞ்சம் தாமதம்."

சம்சாத் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பிறகு, மூவரின் முகத்தையும் பார்த்துப் பார்த்து, நிதானமாகச் சொன்னார்: "அந்தச் செய்தி சர்வர்ல இருக்கக் கூடாது. ஜனங்களோட போனுக்குள்ளேயே இருக்கணும். புரியுதா? திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அதுக்கு மேல முடியாதுன்னு சங்கத்துல சொல்லிருவேன்."

அவர் தலை மறைந்ததும் தணிகைவேல் பெருமூச்சு விட்டார். "இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லியிருந்தா மரியசூசை வெந்திருக்க மாட்டானே!"

மூவரும் காகிதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள். ஒவ்வொன்றிலும் 'நெட்வொர்க் இல்லை' என்று திருத்தமாக எழுதினார்கள். ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, ஊரில் உள்ள போன்களை எல்லாம் கழற்றி உள்ளே சீட்டு வைக்க, ஸ்கூட்டரில் மூன்று பேராகக் கிளம்பினார்கள்.

முதல் வீடு பூட்டிக் கிடந்தது.

"சொல்லாமப் போனா தப்பாயிடும்" என்றார் தணிகைவேல்.

பூமாலை ஒரு புதுச் சீட்டை எடுத்து, 'நீங்கள் வீட்டில் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகினான். வீட்டுக்காரர் வந்து அதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மூவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள்.