ஞாயிறு தவறாமல் வருகிறவர்

மே மாதம் பிறந்துவிட்டால் கிதியோன் ஐயருக்குத் தலைவலிக் காலம். வருஷம் முழுக்கக் கண்ணில் படாதவர்களெல்லாம் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நிற்பார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமென்றால், இந்தக் குடும்பம் ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறது என்று சபைக் குருவானவர் கடிதம் தர வேண்டும். இங்கே குருவானவர் அவர்தான்.

அன்று வந்தவர் ஜெயசிங். பஜாரில் கோழிக்கடை. ஐயரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஐயரைத்தான் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். எந்தக் காரியமானாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்யமாட்டார். கேட்பதோடு சரி.

மகன் ரூபனும் கூட வந்திருந்தான். எட்டாம் வகுப்பு முடித்தவன். வாசலில் செருப்போடு செருப்பாக நின்றான்.

“இவனை வச்சு மாரடிக்க முடியல ஐயா. வாயைத் திறந்தா பொய். டியூஷன்னு சொல்லிட்டுப் போறான், போய்ப் பாத்தா குளத்துல கிடக்கான். எல்லாம் கவர்மெண்ட் ஸ்கூல் சகவாசம்.”

“நானும் கவர்மெண்ட் ஸ்கூல்தான் அண்ணாச்சி.”

“உங்க காலம் வேற.”

“உங்களுக்கு அப்புறந்தான என் காலம்?”

ஜெயசிங் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மிஷன் ஸ்கூல்னா காலைல ஜெபம் உண்டு, நீதிபோதனை வகுப்பு உண்டு. ஒரு பயபக்தி வரும். அங்க சேரலேன்னா இவன் தறுதலையாத்தான் போவான். நாளைக்குக் கடைசி நாள். நீங்க கடிதம் தந்தாத்தான் உண்டு.”

“என்னன்னு எழுதணும்?”

“ஞாயிறு தவறாம வாரோம்னு.”

“வாரீங்களா?”

“ஞாயித்துக்கிழமை கடையப் போட்டுட்டு எப்படி ஐயா? ஆனா ஆராதனை முடிஞ்சதும் மொத்தச் சபையும் என் கடைலதான வந்து நிக்குது. ஒரு வகையில நானும் சபையோடதான இருக்கேன்?”

ஐயர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து இதே கதை. ஒருத்தருக்குக் கடை, ஒருத்தருக்கு முட்டுவலி.

“பிள்ளை பொய் பேசாம வளரணும். அவ்வளவுதான?”

“அதுக்குத்தான ஐயா இவ்வளவு அலைச்சல்.”

ஐயர் மேசை இழுப்பறையைத் திறந்து சபைப் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். ஜெயசிங்கின் முகம் தெளிந்தது. ஐயர் வாசல் பக்கம் திரும்பினார்.

“ரூபன், உள்ள வா. எனக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. இதுல உக்காரு. அப்பா சொல்லச் சொல்ல எழுது. நான் படிச்சுப் பாக்கேன்.”

ரூபன் உட்கார்ந்தான். பேனாவைத் திறந்துவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

ஜெயசிங் தொண்டையைச் செருமினார்.

“எழுது. கோழிக்கடை ஜெயசிங் என்பவர்...”

“ம்.”

“தம் குடும்பத்தோடு...”

“ம்.”

“ஞாயிறு...”

“ஞாயிறு என்னப்பா?”

ஜெயசிங் ஐயரைப் பார்த்தார். ஐயர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்.”

பேனா நின்றது.

“போன ஞாயிறு கூட நாம கடைலதானப்பா கோழி உரிச்சிட்டு இருந்தோம்.”

“சொன்னதை எழுதுலே.”

ரூபன் எழுதினான். எழுதும்போதே அவன் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. டியூஷனுக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொல்லும்போது வருகிற அதே சிரிப்பு. ஜெயசிங்குக்கு அது நன்றாகத் தெரியும்.

“எழுதிட்டேன்ப்பா. அப்புறம்?”

ஜெயசிங் ஐயர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“இவன் முன்னால வேண்டாம் ஐயா. இவனை வெளிய அனுப்பிட்டு நீங்களே எழுதிருங்களேன்.”

“எதுக்கு அண்ணாச்சி? ஒழுங்கா கோயிலுக்குப் போறியான்னு நாளைக்கு ஹெட்மாஸ்டர் அவன்கிட்டத்தான கேப்பாரு. முதல்ல இந்தப் பொய்யைப் படிக்கட்டும். பொய் சொல்லக் கூடாதுங்கிறதை அங்க சேர்ந்தப்புறம் படிச்சுக்குவான்.”