இலவம் தன் முறுக்கை விட்ட கதை

மரமும் செடியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒருநாள் கிழக்கு வெளுக்கும் முன்னே, மடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அங்காயி, காய்ந்த சுள்ளி ஏதோ ஒடிந்ததென்றுதான் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் சுள்ளி இல்லை, அவள் புருஷன் சென்றாயனுடைய கழுத்து. மரக்கட்டையிலிருந்து தலையைத் தூக்கியவன் பாதியிலேயே நின்றுவிட்டான். முகம் இடப்பக்கம் பார்த்தபடி இருந்தது. வலப்பக்கம் வரவே மாட்டேன் என்றது.

அப்போதெல்லாம் தூங்கும்போது தலைக்குக் கட்டைதான் வைத்துக்கொள்வார்கள். கட்டை இல்லாதவர்களுக்குக் கல். அதுவும் இல்லாதவனுக்குத் தன் கையே துணை. விடிந்ததும் ஊரே ஆளுக்கொரு பக்கம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நடக்கும். எதிரே வருகிறவரிடம் நலம் விசாரிப்பதென்றால், "இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பதுதான் வழக்கம்.

மற்றவர்களுக்கு அது வெறும் வலி. சென்றாயனுக்கு அப்படியில்லை. அவன் ஏற்றம் மிதிக்கிறவன். கிணற்று மேட்டில் அந்தரத்தில் கிடக்கும் நீண்ட மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பது அவன் வேலை. முன்னே நடந்தால் தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நிறைந்து மேலே வரும். கால் வைக்கும் இடத்தைக் கண் பார்த்தாக வேண்டும், கண் பார்க்கக் கழுத்து குனிந்தாக வேண்டும்.

அவன் சரியாகத் தூங்கிப் பத்து நாளாயிற்று. இரவு எவ்வளவு நீளம் என்பது தூங்குகிறவர்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. முந்தின நாள் ஏற்றமரத்தின்மேலேயே கண் சொக்கி, ஒரு கால் வழுக்கி, அக்குள் மாட்டித் தொங்கியிருக்கிறான். கீழே சால் பிடித்துக் கவிழ்க்கும் கொண்டன், அங்காயியின் தம்பி, அதை அக்காளிடம் வந்து சொன்னான். மச்சான் வௌவாலுக்குப் போட்டியாகத் தொங்கினார் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

வயலில் கேழ்வரகு பால் பிடிக்கிற பருவம். இன்னும் எட்டு நாள் தண்ணீர் இறைத்தாக வேண்டும். இறைக்காவிட்டால் கதிர் பதராகிவிடும். இறைக்க ஏறினால் சென்றாயன் விழுந்துவிடுவான். அங்காயி இரண்டையும் மாறிமாறி நினைத்துப் பார்த்தாள்.

அவள் நூல் நூற்பவள். அந்தக் காலத்தில் நூலென்றால் இலவம்பஞ்சு நூல்தான். பருத்தியை யாரும் மதித்ததில்லை. விளக்குத் திரிக்கு ஆகும், காதில் வைத்து அடைக்க ஆகும், அவ்வளவுதான். அங்காயி இழுத்த இலவ இழை கண்ணுக்குத் தெரியாது, கன்னத்தில் பட்டால்தான் தெரியும். அரண்மனைக்கு நெய்கிறவர்களே ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

அதனால்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். நூற்கத் தெரிந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தன்னிடம் இருப்பதில் உயர்ந்தது எதுவோ அதுதான் அவன் தலைக்குக் கீழே போக வேண்டும் என்று நினைத்து, நாலு மாதமாக நூற்றுச் சுற்றி வைத்த நூலுருண்டைகளை எல்லாம் ஒரு பைக்குள் திணித்துத் தைத்துக் கொடுத்தாள். பை சினைப்பன்றி மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. அதில் தலை வைத்தால் தாடை போய் நெஞ்சில் இடித்தது. சென்றாயன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலையில் அவன் கன்னத்தில் நூலுருண்டைகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருப்பதை அவளே பார்த்தாள்.

பிறகு நூற்காத பஞ்சை, கொட்டை நீக்கி, உதறிப் போட்டுத் தைத்தாள். படுக்கும்போது பூப்போல இருந்தது. ஆனால் இலவம்பஞ்சுக்கு அப்போது உடம்பெல்லாம் முறுக்கு. தலையின் சூடு பட்டதும் தன்னைத் தானே திரித்துக்கொண்டு, விடிவதற்குள் விளாங்காய் விளாங்காயாகக் கட்டி தட்டிவிட்டது. பிரித்து உதறிப் பார்த்தாள். மறுநாளும் விளாங்காய்தான்.

அன்று காலை அங்காயி வாய்க்கால் கரைக்குப் போனாள். அங்கேதான் அந்த இலவமரம் நின்றது. சிறுவயதிலிருந்தே அதை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, உன் பஞ்சு தலைக்குக் கீழே சும்மா கிடக்க மாட்டேங்குது. எதையோ பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்குது."

மரம் தன் பெருமை குறையாமல்தான் பதில் சொன்னது. இழுக்காவிட்டால் அது பஞ்சே இல்லை என்றது. அந்த முறுக்கு இருப்பதால்தான் தான் ராஜாவின் தோளில் ஏறுவதாகவும், அவள் விரலுக்குப் பேர் கிடைத்ததே அதனால்தான் என்றும் சொன்னது. காலடியில் நின்ற பருத்திச் செடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெரிய இடத்துப் பஞ்சு தாயி, நம்மள மாதிரி ஆளுங்க தலைக்கெல்லாம் வளையுமா?" என்றது அங்காயியிடம்.

மரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்காயியும் சிரிக்கவில்லை. அவள் முறுக்கை விட்டுவிடச் சொல்லித்தான் கேட்க வந்திருந்தாள். கேட்டும்விட்டாள்.

மரம் கணக்குப் போட்டுப் பார்த்தது. முறுக்கு போனால் இனி எந்த ராட்டையும் அதைப் பிடிக்காது. ஒரு இழையும் தேறாது. பட்டுக்கு நிகராகப் பேர் பெற்ற பஞ்சு, மூட்டையில் கிடக்க வேண்டியதுதான்.

"என்னை விட்டுட்டா நீ எதை நூற்பே, தங்கச்சி?"

"எதையாவது நூற்கிறேன். இல்லேன்னா களை வெட்டப் போறேன். உன் மச்சான் மேலேயிருந்து விழுந்துட்டா, அந்த நூலை வெச்சு நான் என்ன செய்ய?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மரம் ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கும். அவள் சும்மா நின்றாள். அப்போது கிணற்று மேட்டில் சாய்ந்த கழுத்தோடு சென்றாயன் மிதித்த அன்றைய முதல் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. வயலுக்குப் போகிற வழியில் வழக்கம்போல இலவத்தின் வேரைச் சுற்றி ஒருமுறை நின்று, பிறகு நகர்ந்தது.

"இந்த வாய்க்காலை என்னை விட்டு எட்டி வெட்டியிருந்தா வயலுக்குச் சீக்கிரம் போயிருக்கும். மச்சான் ஒருநாளும் அப்படி வெட்டலை" என்றது மரம். "நான் குடிச்சதெல்லாம் அவர் காலால மிதிச்ச தண்ணி. அந்தக் கழுத்தைத் தாங்கறதை விடவா ராஜா தோளு பெரிசு?"

சொல்லிவிட்டு மரம் அடியிலிருந்து நுனிவரை தன்னை ஒருமுறை முறுக்கிப் பிழிந்தது. இலையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தன. பஞ்சிலிருந்த முறுக்கு கிளை வழியாக, தண்டு வழியாக, வேர் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. வெறுங்கிளைகளில் காய்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. அங்காயி கையை நீட்டினாள். விழுந்த பஞ்சு கையில் நிற்கவே இல்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. பட்டை எல்லாம் தளர்ந்து, மரம் மூச்சு வாங்கியது.

கீழே பருத்திச் செடி திடுக்கிட்டது. தன் உடம்பெல்லாம் என்னமோ சுருண்டுகொண்டு வருகிறதே என்று அலறியது. மண்ணில் இறங்கிய முறுக்கு முழுவதும் அதன் வேரில் ஏறியிருந்தது.

"வெச்சுக்கோ" என்றது இலவம். "இனி ராஜா தோள் உன்னோடது." பிறகு அங்காயியைப் பார்த்துச் சொன்னது: "தலைக்கு மட்டும் வைக்காதே, தங்கச்சி. தலைக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்குதே, அதுக்கும் சேர்த்து வை. அமுக்கித் திணிக்காதே. தலை வந்து தன் இடத்தைத் தானே பார்த்துக்கும்."

அவள் அப்படியே செய்தாள். நடுப்பகலில் கூழ் குடிக்க வந்த சென்றாயன், புதுப் பையைப் பார்த்துச் சும்மா தலையைச் சாய்த்தான். தலை பாதி அமிழ்ந்தது. கழுத்துக்குக் கீழே பஞ்சு எழும்பி நின்று தாங்கியது. கூழ்ச்சட்டியை அவள் கொண்டுவருவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

சாயங்கால இறைப்புக்குக் கூப்பிட வந்த கொண்டன், வாய் பிளந்து கிடந்த மச்சானைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, மூச்சு இருக்குதில்லே?" என்று கேட்டான். அங்காயி அவனைத் திருப்பி அனுப்பினாள். ஒரு வேளை தண்ணீர் போனால் போகட்டும் என்றாள்.

சென்றாயன் மறுநாள் விடியலில்தான் எழுந்தான். இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்ப்பவன்போல வெகுநேரம் பார்த்தான். அங்காயி நடந்ததைச் சொன்னாள். அவன் நேரே வாய்க்கால் கரைக்குப் போய், இலையில்லாமல் நின்ற மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். என்ன சொன்னான் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மிச்ச நாளெல்லாம் ஏற்றம் ஓடியது. கேழ்வரகு மணி பிடித்தது.

அறுவடையன்று வீட்டுக்கு வந்த கொண்டன், மெத்தென்று எதையோ கண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். யாரையும் அதட்டி அறியாத சென்றாயன் அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

"எந்திரி மாப்ளே. அது ஒருத்தர் தன் பேரையே விட்டுக் கொடுத்தது. தலை வைக்கலாம். உட்காரக் கூடாது."

அன்று முதல்தான் இலவம்பஞ்சு எந்த ராட்டைக்கும் பிடி கொடுப்பதில்லை, இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கிளையில் காய் வெடிக்கிறது. அன்று முதல்தான், தலையணைமேல் உட்கார்ந்த பிள்ளையைக் கண்டால் எந்த வீட்டிலும் அம்மா சும்மா விடுவதில்லை. எழுப்பிவிட்டு, தலையணையை இரண்டு தட்டுத் தட்டி வெயிலில் வைத்துவிட்டு, உலைக்கு அரிசி களையப் போகிறாள்.